மீட்டிங்கில் பிள்ளை பேசும்போது ரிசோர்ஸ் ரூம் மிஸ்ஸுக்கு என்ன வேலை?

பெற்றோர் கூட்டம் என்றால் கடலூரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முறை உண்டு. சனிக்கிழமை காலை வகுப்பு வாசலில் வரிசை நிற்கும். டீச்சர் ரேங்க் கார்டை எடுப்பார், மார்க்கைப் படிப்பார், "நல்லா படிக்கிறான், கையெழுத்துதான் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றோ, "வீட்ல உக்கார வெச்சுப் படிக்க வைங்கம்மா" என்றோ சொல்வார். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு வழி விட வேண்டும். இத்தனையும் நடக்கும்போது பிள்ளை அம்மாவை ஒட்டிக்கொண்டு நிற்கும். பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் வருடத்துக்கு இரண்டு கூட்டங்கள் வேறு மாதிரி நடக்கும். அவற்றைப் பிள்ளைகளே நடத்துவார்கள். ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம். பிள்ளை தன் ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இந்தப் பருவத்தில் என்ன கற்றேன், எது வந்தது, எது வரவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று அம்மா அப்பாவிடம் சொல்லும். வகுப்பாசிரியர் பக்கத்தில் இருப்பார், தேவைப்பட்டால் பேசுவார். அமெரிக்கப் பள்ளிகளில் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் வழக்கமான நிகழ்ச்சி. நம் பக்கத்துக்கும் இந்த எண்ணம் அந்நியமானதல்ல. ஸ்ரீ அரவிந்தர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்த காலத்தை ஒட்டி எழுதிய கல்விக் கட்டுரைகளில், ஒரு மனத்தை வளர்க்கும்போது அந்த மனத்தையே கலந்துகொள்ள வேண்டும் என்பதை இரண்டாவது கொள்கையாக வைத்திருக்கிறார். 2020 தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவர் தன்னைத்தானே மதிப்பிடுவதும், கூடப் படிப்பவர்கள் மதிப்பிடுவதும் இருக்க வேண்டும் என்கிறது.

அந்தப் பள்ளியில் நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது சிறப்பாசிரியர். தனி உதவி தேவைப்படும் பிள்ளைகள் வரும் அறைதான் ரிசோர்ஸ் ரூம், அதனால் பிள்ளைகளுக்கு நான் 'ரிசோர்ஸ் ரூம் மிஸ்'. படிப்பதில் சிரமம், கவனம் நிற்பதில் சிரமம், ஆட்டிசம், காது கேட்பதில் குறை என்று வெவ்வேறு தேவை உள்ள பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். கூட்டம் நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி எழும். "மத்த பிள்ளைங்க சரி, உங்க பிள்ளைங்க எப்படிப் பேசும்? அவங்க அம்மா அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."

அக்கறையோடுதான் கேட்கிறார்கள். பிள்ளை திணறக்கூடாதே, பெற்றோர் முன்னால் அவமானப்படக்கூடாதே என்ற எண்ணம். ஆனால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. இந்த மாதிரிக் கூட்டம் யாருக்காவது கட்டாயம் தேவை என்றால் அது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். காரணம், பள்ளியிலேயே மற்றவர்கள் அதிகம் பேசுவது இவர்களைப் பற்றி. டாக்டர் பேசுவார், தெரபிஸ்ட் பேசுவார், டியூஷன் அக்கா பேசுவார், பக்கத்து வீட்டில் பேசுவார்கள், நான் பேசுவேன். மூன்றாம் வகுப்பிலிருந்தே தன்னைப் பற்றிப் பெரியவர்கள் தலைக்கு மேலே பேசுவதைக் கேட்டுக் கேட்டு, "எனக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியாது, மிஸ்ஸைக் கேளுங்கள்" என்ற நிலைக்கு இவர்கள் வந்துவிடுகிறார்கள். எந்த உதவி தனக்கு உதவுகிறது என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லிப் பழகும் இடம் இந்த அரை மணி நேரம். அதிலும் நான் புகுந்து பேசிவிட்டால் கூட்டம் நடந்தும் பயனில்லை.

அப்படியானால் எனக்கு அங்கே என்ன வேலை? நிறைய வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி கூட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சில வாரம் முன்பே ஃபைல் வேலை தொடங்கும். பொதுவாகப் பிள்ளைகள் தங்களுடைய நல்ல தாள்களாக எடுத்து வைப்பார்கள். என் பிள்ளைகள் பலரிடம் 'நல்ல தாள்' என்று அவர்களே நினைப்பது ஒன்றும் இருக்காது. சிவப்பு மையைத்தான் பார்த்திருப்பார்கள். அதனால் நான் மார்க்கைத் தேடச் சொல்வதில்லை. ஒரே மாதிரி வேலையின் இரண்டு தாள்களைத் தேடச் சொல்வேன். ஜூனில் எழுதியது ஒன்று, அக்டோபரில் எழுதியது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று கேட்பேன். முதலில் "ஒண்ணுமில்ல மிஸ்" என்பார்கள். கொஞ்சம் காத்திருந்தால், "இதுல நான் பாதில விட்டுட்டேன், இதுல முடிச்சிருக்கேன்" என்று வரும். அந்த வரியை அப்படியே அவர்கள் வார்த்தையில் ஒரு சின்ன அட்டையில் எழுதி, தாளோடு குத்தி வைப்போம். என் வார்த்தையாகத் திருத்த மாட்டேன். பெற்றோர் தங்கள் பிள்ளையின் பேச்சை அடையாளம் கண்டுகொள்வார்கள். டீச்சர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் அதையும் உடனே கண்டுகொள்வார்கள்.

அப்புறம் ஒத்திகை. இதில் நான் கவனமாக இருப்பது ஒரு விஷயத்தில். பிள்ளைக்கு வசனம் சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் வாக்கியம் மட்டும் உறுதியாகத் தெரிந்தால் போதும். "அம்மா, அப்பா, இது என் ஃபைல். முதல்ல நான் கணக்கு காட்டுறேன்." அதன் பிறகு தாள்கள் வழி காட்டும். படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அட்டையில் எழுத்துக்குப் பதில் சின்னப் படம். பேசப் பயப்படும் பிள்ளைக்குச் சில பகுதிகளை முன்பே டேப்லெட்டில் பேசிப் பதிவு செய்து, கூட்டத்தில் ஓடவிட அனுமதி. மேசையின் ஓரத்தில் மஞ்சள் அட்டை ஒன்று இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் 'உதவி வேண்டும்' என்று பொருள். அதைத் திருப்பும் வரை நான் வாய் திறக்க மாட்டேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

பெற்றோரையும் தயார் செய்ய வேண்டும். இதைப் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. நான் முன்கூட்டியே போன் செய்து சில விஷயங்களைக் கேட்டுக்கொள்வேன். மார்க் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு என்று இந்த அரை மணி நேரம் மட்டும் கேட்காதீர்கள். "இதை எப்படிச் செஞ்ச?" என்று கேளுங்கள். பிள்ளை பேச்சை நிறுத்தினால் உடனே நிரப்பாதீர்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாருக்கும் கஷ்டம்.

நேரம் குறிப்பதிலும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் மீன் கூடையோடு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதி வைப்பது நியாயமில்லை. மாலை நாலரைக்கு நேரம் கொடுத்தால் இருவருமே வருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்பாக்கள் கரையில் இருக்கும் நாட்கள் அவை, ஆனால் அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடுகிறது. ஏப்ரலின் இரண்டாம் பாதியில் சில நாட்கள் கிடைத்தால் அவற்றை இந்தக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள் என்று ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் கேட்கிறேன்.

இன்னொரு கூட்டம் நவம்பரில் வரும். கடலூரில் நவம்பர் என்றால் மழை விடுமுறை என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கு டிவியில் கலெக்டர் அறிவிப்பு ஓடினால் கூட்டம் தள்ளிப்போகும். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் கொண்டாட்டம். நாளைக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய குலைவு. அதனால் என் பிள்ளைகளின் அட்டவணையில் ஆரம்பத்திலேயே இரண்டு தேதிகள் போடுவேன். வெயில் படம் போட்ட தேதி ஒன்று, குடைப் படம் போட்ட தேதி ஒன்று. மழை பெய்தால் குடைத் தேதி. அவ்வளவுதான் ஏற்பாடு, ஆனால் அது இல்லாமல் நவம்பர் கூட்டத்தை நடத்த எனக்குத் துணிச்சல் வராது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடலோரத்துப் பையன், அப்பா போட்டில் போகிறவர். அவனுக்கு டிஸ்லெக்சியா, படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. புத்திசாலிப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவதைப் பார்க்கும் பெரியவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ் எழுத்தில் இந்தச் சிரமம் எப்படி வெளிப்படும் என்று அருகில் இருந்து பார்த்தால்தான் புரியும். 'பொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியில் முதலில் வருவது ப், பின்னால்தான் ஒ. ஆனால் தாளில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, அடுத்து ப, அதன் பிறகு கால். உயிர்க்குறி எழுத்தை இரண்டு பக்கமும் சூழ்ந்திருக்கிறது. நமக்கு அது ஒரே பார்வையில் ஒரே எழுத்து. அவனுக்கு அது மூன்று துண்டு. கொம்பைப் பார்த்துக் காலை விட்டால் 'பெ', காலைப் பார்த்துக் கொம்பை விட்டால் 'பா'. 'பொறி' என்று இருப்பதை 'பெறி' என்று படித்து, அப்படி ஒரு சொல் இல்லையே என்று அவனே நின்று, திரும்பத் தொடங்கி, அதற்குள் வாக்கியத்தின் ஆரம்பம் மறந்துபோகும். இதோடு ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இவ்வளவையும் தாண்டி அவன் ஒரு கணக்குக் கேள்வியைப் படித்து முடிக்கும்போது பரீட்சை நேரம் பாதி போயிருக்கும்.

அவன் ஃபைலில் இரண்டு கணக்குத் தாள்கள். ஒரே வகைக் கேள்விகள். முதல் தாளில் வாக்கியக் கணக்கு ஐந்தில் நான்கு வெறுமையாக இருந்தன. இரண்டாவதில் கேள்விகளை ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தார், ஐந்துக்கும் விடை இருந்தது. இந்த இரண்டையும் எடுத்தது அவனேதான். எதற்கு இது என்று கேட்டேன். "அப்பா என்னைக் கணக்கு வராதவன்னு நெனைக்கிறார் மிஸ்" என்றான்.

கூட்டத்தன்று வகுப்பாசிரியர் அவனுக்கு எதிரே, அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும். என் நாற்காலி அவனுக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில். இந்த இடத்தை நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்குவேன். மேசையோடு சேர்ந்து உட்கார்ந்தால் பெற்றோரின் கண் தானாக என் பக்கம் திரும்பும். பிள்ளை ஒரு வரி சொன்னதும், சரிதானா என்று என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டினால் போதும், அதன் பிறகு பேச்சு எனக்கும் அவர்களுக்கும் இடையே ஓடும். பின்னால் இருந்தால் என்னைப் பார்ப்பதற்குப் பிள்ளையைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அப்போதும் பார்ப்பார்கள். அந்த அப்பாவும் பார்த்தார். "என்னா மிஸ் சொல்றான் இவன்?" என்றார். நான் பதில் சொல்லாமல் பையனைப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் ஆர்வமாக ஒரு பக்கம் பார்த்தால் மற்றவர்களும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். என் தொழிலில் நான் அதிகம் பயன்படுத்தும் கருவி இதுதான்.

அவன் முதல் தாளைத் தள்ளி வைத்தான். "அப்பா, இதுல ஒரு கேள்வி நீ படி" என்றான். அப்பா தாளை வாங்கி, தூரத்தில் பிடித்து, ஒரு போட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு டீசல் என்றால் இத்தனை மணிக்கு எவ்வளவு என்ற கேள்வியைப் படித்தார். அவர் படித்து முடிக்கும்போதே பையன் விடை சொன்னான். இன்னொன்று படித்தார். அதற்கும் சொன்னான். மூன்றாவதில் அவரே எண்களை மாற்றிக் கேட்டார், அவருக்குத் தெரிந்த கடல் கணக்கில். பையன் கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.

"அப்ப உனக்குக் கணக்கு வருதுல்ல?"

"வரும்ப்பா. கேள்விதான் படிக்க வராது."

அம்மா அழ ஆரம்பித்தார். இதுவும் அடிக்கடி நடப்பதுதான். பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று. இங்கே வகுப்பாசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். அம்மாவைச் சமாதானப்படுத்தப் போகாமல், பையனிடம், "அடுத்த தாள் என்ன வெச்சிருக்க, காட்டு" என்றார். அவன் தொடர்ந்தான். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். இப்படி நடந்தால் யார் என்ன செய்வது என்று நானும் அந்த ஆசிரியரும் முந்தின நாளே பேசி வைத்திருந்தோம்.

அந்தப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன் வகுப்பாசிரியரோடு உட்கார்வதை நான் எந்த அவசரத்திலும் விடுவதில்லை. இந்தப் பிள்ளை என்னுடையது அல்ல, வகுப்பினுடையது. ரிசோர்ஸ் ரூம் ஒன்று இருந்துவிட்டாலே, "அவனைப் பத்தி ரிசோர்ஸ் மிஸ் பேசுவாங்க" என்று ஒரு கோடு விழுந்துவிடும். கூட்டத்தில் அந்தக் கோடு பெற்றோருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் உனக்கு இடமில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதனால் எதிரே உட்கார்வது வகுப்பாசிரியர்தான். பாடம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர்தான். கேள்வியைப் படித்துக் காட்டுவது, நேரம் கூட்டிக் கொடுப்பது போன்றவற்றை வகுப்பில் செய்யப்போகிறவரும் அவர். அவர் வாயிலிருந்து "என் வகுப்புல இதை நான் செய்றேன்" என்று வந்தால் அப்பாவுக்கு வரும் நம்பிக்கை வேறு.

எப்போது குறுக்கிடலாம்? மஞ்சள் அட்டை திரும்பினால். அட்டையைத் திருப்பக்கூட முடியாமல் பிள்ளை உறைந்துபோனால். அப்புறம், பெரியவர்கள் திட்டத் தொடங்கினால். திட்டு எப்போதும் கோபமாக வராது. "உங்க அண்ணன் இந்த வயசுல எப்படி இருந்தான் தெரியுமா" என்று சிரித்துக்கொண்டே வரும். "இவ்ளோ ஃபீஸ் கட்றோம்" என்று வரும். அப்போது நான் பெற்றோருக்குப் பாடம் எடுப்பதில்லை. பிள்ளை முன்னால் அப்பாவைத் திருத்தினால் இரண்டு பேரும் தலை குனிவார்கள். "அவன் இன்னும் ஒண்ணு காட்டணும்னு வெச்சிருக்கான்ப்பா, பாத்துரலாம்" என்பேன். அநேகமாக அது போதும். மீதியைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

தனியாகப் பேச வேண்டியவற்றைக் கூட்டத்தில் பேசக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். பரிசோதனை, சான்றிதழ், புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கு எப்போது போவது, மாத்திரை, தெரபி செலவு, இவையெல்லாம் பெரியவர்கள் விஷயம். கோப்போடு கோரிமேட்டுக்குப் பஸ் ஏற வேண்டிய பெற்றோரின் கவலை உண்மையானது, அதற்கு வேறொரு நாள் முழுசாக ஒரு மணி நேரம் கொடுக்கிறேன். பிள்ளையின் அரை மணி நேரத்தில் அது நுழைந்துவிட்டால் பிள்ளை மறுபடி ஓரத்துக்குப் போய்விடும். அதற்காகப் பிள்ளையிடம் மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அது தன் தப்பு இல்லை என்பதைப் பிள்ளை கூட்டத்துக்கு வெகு முன்பே, பெற்றோர் சம்மதத்தோடு, தன் வயதுக்கு ஏற்ற சொல்லில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரியாத பிள்ளை கூட்டத்தில் "நான் மக்கு" என்று தொடங்கும். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அந்த வார்த்தையைத் தவிர வேறு பெயர் அதற்குத் தெரியாதே.

இடமும் பெரிய விஷயம். வழக்கமாக ஒரு ஹாலில் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே நேரத்தில் உட்காரும், ஆசிரியர் மேசைக்கு மேசை போவார். காது மெஷின் அல்லது காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் கருவி) வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஹால் ஆகாது. ஆறு குடும்பத்தின் பேச்சும் ஃபேன் சத்தமும் நாற்காலி இழுபடும் ஒலியும் எல்லாம் சேர்ந்து பெரிதாகக் கேட்கும், அம்மாவின் குரல் மட்டும் பிரிந்து கேட்காது. நூலகத்தின் மூலையோ, ஆளில்லாத வகுப்பறையோ போதும். முகம் தெரியும்படி வெளிச்சம் பேசுபவர் மேல் விழ வேண்டும். தனியாக உட்கார வைத்தால் மற்றவர்கள் பார்க்க மாட்டார்களா என்று ஒரு அம்மா கேட்டார். அதனால் இப்போது நூலக இடத்தை எந்தக் குடும்பம் கேட்டாலும் கொடுக்கிறோம். சத்தம் பிடிக்காத சாதாரணக் குடும்பங்களும் கேட்கிறார்கள்.

எல்லாப் பிள்ளையும் பேசித்தான் கூட்டம் நடத்த வேண்டும் என்பதில்லை. நாலாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு சில சொற்கள்தான். அம்மா அப்பா வெளிநாட்டில், வளர்ப்பது ஆயா. (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம்.) அவளுடைய கூட்டம் எலுமிச்சைச் சாறு. படங்கள் வரிசையாக ஒட்டிய ஒரு அட்டை, எலுமிச்சம்பழம், சர்க்கரை, உப்பு, இரண்டு டம்ளர். ஒவ்வொரு படத்தையும் தொட்டு, அந்த வேலையைச் செய்து, படத்தை எடுத்துப் பெட்டியில் போட்டாள். பத்து நிமிடத்தில் முடிந்தது, நானும் அவ்வளவுதான் திட்டமிட்டிருந்தேன். பிழிந்த சாற்றில் விதை விழுந்தபோது ஆயா கை நீட்டினார், எடுத்துவிடலாம் என்று. நான் அவர் கையை லேசாகத் தொட்டேன். குழந்தை தானே கரண்டியால் எடுத்தாள். எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இது நாங்க வீட்ல இருந்தப்ப செய்ய மாட்டாளே மிஸ்" என்றார். வீட்டில் யாரும் விட்டதில்லை என்று ஆயாவே சொன்னார்.

உடனே ஆயா கேட்டது, "அடுத்து என்னா கத்துக்குடுக்கப் போறீங்க?" நான் இரண்டு படங்களைக் குழந்தை முன்னால் வைத்தேன். தோசை ஒன்று, துணி மடிப்பது ஒன்று. அவள் தோசையைத் தொட்டாள். அடுத்த பருவத்தின் இலக்கை இப்படி அவளே முடிவு செய்தாள். அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் அது அப்படியே ஏறியது.

இதையெல்லாம் படிக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர்கள், உங்கள் பள்ளியில் ரிசோர்ஸ் ரூம் இருக்கிறது, எங்களுக்கு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர்கள் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டியிருக்கிறது, வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் போய்ப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்கள் வர முடியாது. ஆனால் இரண்டு தாள், ஒரு அட்டை, முதல் வாக்கியம், இதற்கு வகுப்பாசிரியரே போதும். சிறப்பாசிரியர் வரும் நாளில் பிள்ளையோடு ஒத்திகை மட்டும் பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். அவர்களில் மாற்றுத்திறன் பிள்ளையின் அம்மா ஒருவர் இருந்தால், ஹாலில் சத்தம், கூட்ட நேரம் போன்றவற்றை அங்கேயே எழுப்பிவிடலாம்.

உதவி கேட்பது சலுகை கேட்பது போல என்று கூச்சப்படும் பெற்றோருக்கு ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அந்தச் சட்டமே பேசுகிறது. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு இப்படிப்பட்ட மாணவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு, கேள்வியைப் படித்துக் காட்ட ஆளும் கேட்கலாம். அதற்குச் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். தாளில் இவ்வளவு இருந்தும், பத்தாம் வகுப்பில் தனக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று சொல்லக் கூசி, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினைந்து வயதில் திடீரென்று கேட்கச் சொன்னால் எப்படிக் கேட்பார்கள்? ஏழாம் வகுப்பில் அம்மா அப்பா முன்னால் கேட்டுப் பழக வேண்டும்.

கூட்டம் முடிந்த மறுநாளும் எனக்கு வேலை உண்டு. பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார்வேன். எது பிடித்தது, எந்த இடத்தில் ஓடிவிடலாம் என்று தோன்றியது, அடுத்த முறை என்ன மாற்றலாம் என்று கேட்பேன். சொன்ன இலக்கை அவர்கள் வார்த்தையிலேயே திட்டத்தில் எழுதுவேன். "வாசிப்பு வேகத்தை மேம்படுத்துதல்" என்று நான் எழுதினால் அது எனக்கும் ஆய்வுக்கு வருபவருக்கும் மட்டும்தான் புரியும். அந்தக் கடலோரத்துப் பையனின் இலக்கு இப்படி இருந்தது: "பரீட்சையில கேள்வி புரியலன்னா சும்மா உக்கார மாட்டேன். படிச்சுக் காட்டச் சொல்லி நானே கேப்பேன்."

அரையாண்டுத் தேர்வில் அவன் அறைக்கு வந்தவர் அவனுக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர். கணக்குத் தேர்வன்று கையைத் தூக்கி, "சார், எனக்குக் கேள்வி படிச்சுக் காட்டணும், எங்க மிஸ் லிஸ்ட்ல இருக்கும்" என்றிருக்கிறான். அவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்து படித்துக் காட்டினார். இதை எனக்குச் சொன்னது அந்த ஆசிரியர்தான், பையன் சொல்லவில்லை. வீட்டில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். ஒன்பதாம் வகுப்புக்குப் போவதற்கு முன் சான்றிதழ் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று அவர் இப்போது பையனையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறார். என்னென்ன தாள்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்வது பையன்.